நூற்றுப் பதினேழாம் எண் தவலை

எங்கள் அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கு நாட்டு வரலாற்றை ஊட்டும் பெரும் பொறுப்பு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே மனிதரிடம் இருக்கிறது. பதவியின் பெயர் வழிகாட்டி. பிள்ளைகள் வைத்த பெயர் 'கைய எடு'. அவர் வாயிலிருந்து சொந்தமாக வரும் ஒரே வாக்கியம் அதுதான். மற்றதெல்லாம் ஒவ்வொரு பொருளின் முன்னாலும் வைத்த அட்டையில் இருப்பது. அவர் அட்டையைச் சத்தமாகப் படிப்பார், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், வரலாறு அடுத்த தலைமுறையைச் சென்றடைந்துவிடும். ஒரு பள்ளிக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் ஆயிரம் ஆண்டு.

"சார், இந்த ராஜா எப்படிச் செத்தாரு?"

"அட்டையில இல்ல. நகரு, நகரு."

இப்படிப்பட்டவர் தம் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறை சுயமாகச் சிந்தித்தார். விளைவைப் பாருங்கள். ஒரு மழைக்காலத்தில் மூன்றாம் அறைக் கூரை ஒழுகியது. வாளி கேட்டு எழுதிப்போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வீட்டிலிருந்த பித்தளைத் தவலையைக் கொண்டுவந்து ஒழுகும் இடத்தில் வைத்தார். அந்த வாரமே ஆண்டுக் கணக்கெடுப்பு வந்தது. எழுத்தர் தவலையின் முன் நின்றார்.

"இதுக்கு நம்பர் எங்கய்யா?"

"நம்பர் இல்லைங்க. மேல ஒழுகுது, அதான்..."

"ஒழுகுறது பொறியாளர் விஷயம். நம்பர் இல்லாம இங்க ஒரு பொருள் இருக்கக்கூடாது, அது என் விஷயம்."

நூற்றுப் பதினேழு என்று வெள்ளைச் சாயத்தில் எழுதினார். எண் இருந்தால் அட்டை இருக்க வேண்டும்; அட்டை இருந்தால் காலம் இருக்க வேண்டும். இது விதி. காப்பாட்சியர் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து எழுதினார்: 'அரண்மனைத் தண்ணீர்த் தவலை. பக்கவாட்டில் உள்ள நசுங்கல் கோட்டை முற்றுகையின்போது ஏற்பட்டது.' தவலை மர மேடையில் ஏறியது. ஒழுகல் தரையிலேயே தொடர்ந்தது. நம்மவர் வாய் திறக்கவில்லை. வீட்டுச் சாமான்களை உள்ளே கொண்டுவருவது குற்றம் என்று இன்னொரு விதி இருக்கிறதே!

வீட்டில் மனைவி மட்டும் விடவில்லை. "ஊரெல்லாம் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு எதையாவது தூக்கிட்டு வருவாங்க. எனக்குன்னு வாய்ச்ச மனுஷன் இங்கேருந்து அங்க தூக்கிட்டுப் போறாரு."

ஆறு ஆண்டுகள் தவலை ராஜபோகமாக இருந்தது. பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கான பாரம்பரியப் போட்டி வந்தது. இருபது கேள்வி; எல்லாம் சரியென்றால் தலைநகருக்கு மூன்று நாள் பயணம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் ஒரு வாரம் முன்பே பையில் துணி அடுக்கிவிட்டாள். பத்தொன்பது சரி. இருபதாவது: 'நூற்றுப் பதினேழாம் எண் பொருள் எப்படி நசுங்கியது?' அவள் எழுதியது: 'நான் சின்ன வயதில் மாடிப்படியில் உருட்டி விட்டேன்.'

வகுப்பாசிரியை அவளையும் வகுப்பையும் அழைத்துக்கொண்டு நேராக மூன்றாம் அறைக்கே வந்துவிட்டார். காப்பாட்சியரும் வந்து நின்றார்.

"ஒரே ஒரு கேள்விடா கண்ணு. முற்றுகைன்னு மாத்தி எழுதிடு, டீச்சர் கண்டுக்க மாட்டேன்."

"முற்றுகை இல்ல டீச்சர். எங்க வீட்டுத் தவலை. நான் உருட்டினதுக்கு அம்மா முதுகுல ரெண்டு வச்சாங்க, எனக்கு ஞாபகம் இருக்கு." அவள் மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி நசுங்கலின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "அப்பா, நீங்களே சொல்லுங்கப்பா."

அறை முழுக்க அவரைப் பார்த்தது. காப்பாட்சியர் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். அந்தத் தவலையைப் பற்றி முப்பத்திரண்டு பக்கத்தில் புத்தகம் போட்டவர் அவர். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும், மகளுக்குப் பயணம் கிடைத்துவிடும். நம்மவர் கூரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அட்டையில் மகளைப் பற்றி எதுவும் இல்லை.

"கைய எடு!"

இருபத்திரண்டு ஆண்டில் அவ்வளவு சத்தமாக அவர் அதைச் சொன்னதில்லை.

அவள் கையை எடுத்தாள். "சரிங்க சார்."

விடையை அவள் மாற்றவில்லை. தலைநகருக்கு வேறொரு பெண் போனாள். முற்றுகை என்று எழுதிய நாற்பத்தொரு பேரில் அழகான கையெழுத்து அவளுடையது. காப்பாட்சியர் வழிகாட்டியின் தோளைத் தட்டி, "கடமைன்னா இதுய்யா" என்றார். அவர் தலையாட்டினார்.

அடுத்த மழைக்கு அவர் வீட்டுக் கூடமும் ஒழுகியது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்தார்: சொட்டுக்குக் கீழே சிவப்பு பிளாஸ்டிக் வாளி. அதன் பக்கத்தில் நோட்டிலிருந்து கிழித்த தாளை மகள் ஒட்டியிருந்தாள். அட்டைகளைச் சத்தமாகப் படித்தே பழகியவர், இதை மட்டும் வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டார்.

'இது வாளி. எங்கள் வீட்டுடையது. மழைக்காக வைக்கப்பட்டது.'