காதா, காட்ரிஜா?

எங்கள் வீட்டில் நுளம்பு ஒழிந்துவிட்டது என்று முதலில் அறிவித்தவர் இவர்தான், என் கணவர். வெள்ளவத்தையில், கடலுக்கும் கால்வாய்க்கும் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் காதோரம் ஒன்று பாடிக்கொண்டு நின்றது. பட்டென்று அடித்தேன். எதற்கு அடிக்கிறீர் என்று கேட்டார். அன்பு கூடிப்போச்சு என்றேன்.

நுளம்போடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்தது பாண்காரன். பேக்கரிப் பாண் விற்கிற த்ரீவீல் கீச்சுக் கீச்சென்று பாட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. நான் இறங்கிப் போய் சீனி தூவிய கிம்புலா பணிஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன், இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்து, இன்றைக்கு அவன் வரவில்லை என்கிறார். கையில் இருந்த பணிஸைப் பார்த்தேன். தேத்தண்ணி போடப் போனேன். ஆனால் கடற்கரையோரம் ரயில் போனால் மட்டும் கேட்கும் இவருக்கு. ரயில் கேட்கிற காது நல்ல காதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகுதான் ரெக்கோட் பிளேயர். பின்னேரத்தில் ஒரு இசைத்தட்டாவது போட்டுக் கேட்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. அதிலும் ஒரு நாதஸ்வரத் தட்டு இருக்கிறது, கலியாணமான புதிதில் வாங்கியது. ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டார்.

"தாளத்தைக் காணேல்லை. நாயனம் இருக்கு, தவில் இருக்கு. தாளக்காரர் எழும்பிப் போயிட்டார்."

நானும் அந்தக் குட்டி வெண்கலத் தாளத்துக்குக் காதைக் கொடுத்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. சத்தம் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கித்தான் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பிழை பெட்டியில். காதில் இல்லை. அப்படியென்றால் அந்த நுளம்பு? அந்தப் பாண்காரன்? சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

பெட்டியைத் திருத்த இவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், ஊசி இருக்கிற கையின் நுனியில் ஒரு ரூபாய்க் குற்றியை வைப்பது. ஊசி துள்ளாமல் இருக்க இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இவர் சத்தம் மங்க மங்கக் குற்றியைக் கூட்டினார். ஒன்று போதாதென்று இரண்டு. அதன் மேல் ஐந்து ரூபாய்க் குற்றி. சத்தம் இன்னும் மங்கியது. உண்டியல்போல நிரப்பினால் பாட்டு வருமா என்று கேட்டேன். முறைத்தார்.

கடைசியில் பெட்டியைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற ஒருவர் அங்கே கடை வைத்திருக்கிறார். ஜிந்துப்பிட்டி ஆள், வாய் ஓயாதவர். ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்தச் சின்ன டப்பாவை, காட்ரிஜ்ஜை, கழற்றிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஊசி தேய்ந்து மழுங்கிவிட்டது, அதைத் தாங்குகிற றப்பர் நசுங்கிக் கல்லாகிவிட்டது என்றார். குற்றி வைத்தீர்களா என்று கேட்டார். இவர் சுவரில் இருந்த சாமிப் படத்தைப் பார்த்தார்.

"புதுசு ஒண்ணு போட்டுருங்கம்மா. இன்னைக்கே மாட்டித் தந்துருவேன். பழசுக்கு றப்பர் தேடி, ஊசி எடுப்பிச்சி, நான் கண்ணு நோவ ஒக்காந்து கட்டணும். சரியா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

புதிதைப் போடுங்கள் என்று நான் உடனே சொன்னேன். இவர் பழையதைத்தான் திருத்த வேண்டும் என்றார். கடைக்காரர் புதியதைப் பற்றிப் புகழ்ந்தார். நானும் சேர்ந்து புகழ்ந்தேன், எனக்கு அதைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இவர் அசையவில்லை; காட்ரிஜ்ஜைக் கடையில் விட்டுவிட்டுப் பெட்டியோடு திரும்பினோம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கோர்னர் சீட். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மகள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புவாள், ஒரு சொல் சொன்னால் போதும், எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். பொரளைப் பக்கம் திரும்பும் பஸ் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"புதுசு போட்டால் அது அதின்ர குரலிலை பாடும். தாளம் கேக்காட்டி, புதுசு அப்பிடித்தான் எண்டு சொல்லலாம். பழசின்ர சத்தம் எனக்குப் பாடம். அது சரியா வந்தும் கேக்காட்டி, பிறகு சொல்ல ஒண்டும் இல்லை."

நான் மறைத்து மறைத்து வைத்த காதுப் பயத்தை இந்த மனிதர் எனக்கு முன்பே வைத்திருக்கிறார். நான் புதிதைக் கேட்டது அதே காரணத்துக்காகத்தான். குற்றம் சொல்ல வீட்டில் ஒரு டப்பா இருந்துகொண்டே இருக்கட்டும் என்றுதான். ஒருவர் தெரிந்துகொள்ளத் துடிக்கிறார், மற்றவர் தெரியாமல் வைத்திருக்கத் துடிக்கிறார். இரண்டு பேரும் ஒரு சீட்டில்.

காத்திருந்த நாட்களில் எனக்குச் சமையலில் உப்பு நிற்கவில்லை. ஒரு நாள் கூடும், மறுநாள் இருக்காது. இவர் மூடிக் கிடந்த பெட்டியைத் துடைப்பார், தட்டுகளைத் துடைப்பார், பிறகு பெட்டியைத் திரும்பத் துடைப்பார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். அவ்வளவு சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, கஷ்டப்பட வேண்டாம் என்று நயமாகச் சொன்னேன். அந்த மனிதர் அதை எப்படி எடுத்தார் தெரியுமா? கை சரியில்லாதவர் என்று நான் நினைக்கிறேனாம். கோபம் வந்துவிட்டது.

"கேட்டுட்டுப் பேசுங்கம்மா," என்று போனை வைத்தார். என் புத்தி வேலை செய்தால் இப்படித்தான் வேலை செய்யும்.

திருத்திய காட்ரிஜ் வந்த அன்று இவர் சவரம் எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கலியாண வீட்டுக்கா போகிறீர்கள் என்று பகிடி விட்டேன். நாதஸ்வரத் தட்டைப் போட்டார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம்.

நான் முன்கூட்டியே ஒரு திட்டம் வைத்திருந்தேன். தாளம் எனக்குக் கேட்டாலும் கேட்கவில்லை என்பது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவர் தலையில் போட்டுவிட்டு, மகளிடம் சொல்லிப் புதிதை எடுப்பிப்பது. பாவம்தான் அந்த மனிதர். ஆனால் அவர் ஜிந்துப்பிட்டியில் இருக்கிறார், இவர் என் வீட்டில் இருக்கிறார்.

நாயனம் வந்தது. புழுதி தட்டி வெயிலில் போட்டதுபோல வந்தது. தவில் நெஞ்சில் இடித்தது. ஒரு இடத்தில் தவில் ஓய, நாயனம் மட்டும் தனியாக நீண்டுபோக, அடியில் தாளம் கணீர் கணீரென்று விழுந்தது. நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். இவர் கழுத்தை நீட்டிப் பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார். பிறகு மற்றக் காதை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தாளம் கேக்குதே உமக்கு?"

"இல்லையப்பா. அந்தாள் எங்களைப் பேக்காட்டிப் போட்டான்."

இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கதிரைக் கைப்பிடியைப் பார்த்தார். "அப்ப விரல் என்ன செய்யுது?"

குனிந்து பார்த்தேன். என் சுட்டுவிரல் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தது. தவில் இல்லாத இடத்தில், ஒரு அடி பிசகாமல், தன்பாட்டுக்கு. வாயை, முகத்தை, கண்ணை எல்லாம் கட்டி வைத்தவள் விரலை மறந்துபோனேன்.

கையை மடிக்குள் இழுத்தேன். இழுத்ததே பதிலாகிவிட்டது. நாயனம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நல்ல பெட்டி. கடைக்காரர் வேலைக்காரர்தான், அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

தட்டு முடிந்து ஊசி கரகரவென்று உரசிக்கொண்டிருந்தது. அதை எழுந்துபோய் எடுக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

"நாளைக்குப் பொரளைக்குப் போவம். அங்கை ஒரு காது டொக்டர் இருக்கிறாராம். நீரும் வாரும்."

ஓம் என்றேன். அங்கே என்ன சொல்லப் போகிறார்களோ, மெஷின் வைத்தால் சரிவருமோ, மற்றக் காதும் போகுமோ என்று எனக்குள் நூறு கேள்வி. அவரைப் பார்த்தேன். பஸ்ஸில் இருந்ததைவிட முகம் லேசாகித்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

இவர் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி, தட்டின் தொடக்கத்திலேயே மறுபடி வைத்தார். கதிரையை இழுத்து என் கதிரையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"கையைக் கைப்பிடியிலை வையும்," என்றார்.

வைத்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டு நாயனம் கேட்டார். தாளம் விழ விழ விரலைத் தட்டினேன். பிசகக் கூடாதே என்று அவ்வளவு பயம்.