தண்டை கழற்றிய நாள்

என் மகளின் காலில் கிடக்கும் வெள்ளித் தண்டைகள் புதியவை அல்ல. அவற்றை முதலில் போட்டிருந்தவன் என் அக்கா மகன். ஒருநாள் காலையில் இந்தத் தண்டைகளே அவன் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தன.

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதம் ஒருமுறை பிள்ளைகளை நிறுப்பார்கள். எடை குறைந்த பிள்ளைக்கு அரசாங்கம் திரிபோஷா என்ற சத்துமாவு கொடுத்தது. அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை கஞ்சித் தண்ணீரில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். மாவுக்குப் பதியப் புறப்பட்டவள், வீட்டில் படித்தவன் நான் ஒருவனே என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். ஆனால் நாலு பேர் கூடும் இடத்துக்குப் பிள்ளையை வாடிய வயிற்றோடு தூக்கிப்போவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். வயிறு முட்டக் கஞ்சி ஊட்டி, கம்பளிச் சட்டை, குல்லா, இடுப்பில் தாயத்து, காலில் கனத்த தண்டைகள் என்று மாப்பிள்ளையைப்போல் ஜோடித்துவிட்டாள்.

தராசில் தொங்கவிட்டதும் முள் எடைக்கோட்டைத் தாண்டி நின்றது. "புள்ள நல்லாத்தானே இருக்கு. மாவு தேவையில்ல," என்றார் நர்ஸ் அம்மா. முன்பாதிக்குப் பூரித்த அக்காவின் முகம் பின்பாதிக்கு அப்படியே விழுந்துபோனது.

நான் பொறுக்காமல், "அம்மா, உடுப்பும் வெள்ளியும் சேர்ந்து கனக்குதுங்க," என்றேன்.

"நானா கழட்ட வேணாம்னேன்? நீங்கதானே கழட்ட விடமாட்டேங்கிறீங்க!"

அக்கா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "இத்தன பேரு முன்னாடி அம்மணமாவா? கண்ணு பட்டா இருக்கிற உசுரும் போயிருங்க."

வரிசையில் இருந்த எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அத்தைதான் குரல் கொடுத்தாள். "அடியே, எல்லாரும் செவுத்துப் பக்கம் திரும்புங்கடி! தம்பி, நீயும்தான். படிச்சவனுக்குத் தனியா சொல்லணுமா?"

"அப்ப நான் எப்படி நிறுக்கிறது?" என்றார் நர்ஸ்.

"நீங்க முள்ள மட்டும் பாருங்கம்மா."

எங்கள் முதுகுக்குப் பின்னால் தண்டைகள் மேசையில் கலீர் என்று விழுந்தன. உடனே, திருஷ்டி அண்டாதிருக்க, பெண்கள் சுவரைப் பார்த்தபடியே ஏசத் தொடங்கினார்கள். "ஐயே, கருவாட்டுக் குஞ்சு!" "காக்காகூடத் தூக்காது!" "எங்க வீட்டுப் பூனை இதவிட லட்சணம்!" ஒவ்வொரு ஏச்சுக்கும் பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தான். நர்ஸ் அம்மாவுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. "கோட்டுக்குக் கீழதான்... மாவு உண்டு," என்று அவர் சொல்லி முடிக்குமுன் டிஸ்பென்சரியே அதிர்ந்தது. அந்த மாவைச் சீனி போட்டுப் பிசைந்து உருட்டித் தின்றுதான் அவன் தேறினான். இன்று தேயிலை மலையில் அவனைத் துரத்திப் பிடிக்க என்னால் முடியாது.

போன வாரம் பதுளையில் என் மகளை நிறுக்கப் போனோம். அக்காவும் வந்திருந்தாள். யாரும் கேட்குமுன்னே தண்டைகளைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, "கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா, தாய்மாரே?" என்றாள். முன்பின் தெரியாத பெண்கள், கடைவீதி முதலாளியின் மனைவிபோல் தெரிந்த ஒருத்தி உட்பட, காரணம் கேட்காமல் திரும்பி நின்றார்கள். நானும்தான்.

"நல்ல எடை. கொழுகொழுன்னு இருக்கா," என்றது நர்ஸின் குரல்.

"சும்மா சொல்லாதீங்கம்மா," என்றாள் அக்கா, தண்டைகளைத் திரும்ப மாட்டியபடி. "எலிக்குஞ்சாட்டம் இருக்கா!"

அக்காவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.