அப்பாவின் அங்கியில் பிள்ளைக்கு ஒன்று

டான்யூப் நதிக்கரைப் படைமுகாமில் தையல்காரி உர்சியாவுக்குக் கிழிந்த கூடாரங்களும் சிப்பாய்களின் கம்பளி அங்கிகளும்தான் பிழைப்பு. புருஷன் போன வருடம் அக்கரைச் சண்டையில் செத்தான். அவனுடைய அங்கியை வெட்டித்தான் மகன் டாசியஸுக்குத் தைத்துப் போட்டிருந்தாள்.

அந்தக் குட்டி அங்கியைப் பார்த்துவிட்டுத்தான் அரண்மனைக் காரியக்காரர் யூகேரியஸ் அவளைத் தேடி வந்தார். மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஊதா அங்கி. முகாமில் திடீரென்று கண்மூடிய பேரரசருடையது.

“அவரோட இளைய பிள்ளைக்கு வெட்டித் தைக்கணும். நாளைக் காலையில புதுப் பேரரசனா படைக்கு முன்னாடி நிக்கப் போறான்.”

“மூத்த தாரத்துப் பையன் மேற்கே ஆண்டுக்கிட்டுத்தானே இருக்காரு ஐயா?”

“அவரு தூரத்துல இருக்காரு. தளபதிங்க இங்க இருக்காங்க. வாய மூடிக்கிட்டுத் தையி.”

“அளவு?”

“நாலு வயசு. அவ்வளவுதான். அவங்கம்மா யாரையும் கிட்ட விட மாட்டேங்குறாங்க. புள்ள கால் தடுக்கி விழுந்தா அபசகுனம். அப்புறம் உன் தலை உன்னுது இல்ல.”

வெட்டித் தைத்துவிட்டாள். நீளம்தான் பிடிபடவில்லை. டாசியஸுக்கும் நாலு வயதுதான். ஆனால் அரசனைத் தவிர யார் உடம்பில் ஊதா ஏறினாலும் துரோகம். போட்டவனுக்கும் சாவு, போட்டுவிட்டவளுக்கும் சாவு. கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

டாசியஸ் ஊதா அங்கியோடு முக்காலிமேல் நின்றான். வாயில் ஊசிகளோடு அவள் குனிந்து விளிம்பை மடித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. யூகேரியஸ்! ஊதாவைக் கண்டதும் அவருடைய ஆயுள் பழக்கம் அவரை முந்திக்கொண்டது. தடாலென்று மண்டியிட்டு விளிம்பை முத்தமிட்டுவிட்டார்.

நிமிர்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“யாருடி இது?”

“எம் புள்ளைங்கய்யா... அளவுக்குத்தான்...”

அவர் எழுந்து போய்க் கதவை மெல்லச் சாத்தினார். வெளியே தெரிந்தால் மண்டியிட்டவருக்கும் அதே தண்டனைதான்.

“அம்மா, கனமா இருக்கு. கழட்டு” என்றான் டாசியஸ்.

“நாளைக்கு அந்தப் புள்ளையும் இதையேதான் சொல்லுவான், பாவம்” என்றார் யூகேரியஸ். “இன்னும் ரெண்டு விரல் மடிச்சுத் தையி.”

மறுநாள் காலை பேரரசரின் பிள்ளை மேடைப் படிகளில் ஏறினான். அங்கி எங்கும் தடுக்கவில்லை. அவன் அழவில்லை, அம்மாவைத் தேடி இரண்டு பக்கமும் பார்த்தான். தளபதிகள்தான் நின்றார்கள்.

கூட்டத்தில் உர்சியாவின் தோளில் உட்கார்ந்திருந்த டாசியஸ் கையை நீட்டினான்.

“அம்மா! அது என் சட்டை!”

அவள் அவன் வாயைப் பொத்தினாள். முன்னால் நின்ற சிப்பாய் ஒருவன் திரும்பினான். அதற்குள் படை முழுவதும் கேடயங்களைத் தட்டிப் புதுப் பேரரசரை வாழ்த்திக் கத்தியது. அவனும் முன்னால் திரும்பிக் கத்தினான். டாசியஸும் கத்தினான், அம்மாவின் உள்ளங்கைக்குள்.

கூச்சல் ஓய்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.