இன்னொரு கருவியில் நகரும் பக்கம்

லிஃப்ட் மெக்கானிக் எதற்கும் அசைகிற ஆள் இல்லை. பத்து மாடிக் குழிக்குள் தலையை விட்டு, கையெல்லாம் கிரீஸோடு பாடிக்கொண்டே வேலை பார்ப்பவர். அப்படிப்பட்டவரை உள்ளங்கை அகல மின்னூல் கருவி ஒன்று அசைத்துவிட்டது.

அவருக்கும் அவர் அக்காவுக்கும் படிப்பதில் பைத்தியம். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு கருவி. ஆனால் புத்தகம் வாங்கும் கணக்கு ஒன்றுதான். ஒரே புத்தகத்தை எதற்கு இரண்டு தடவை வாங்குவது என்பது அக்காவின் சிக்கனம். அதனால் ஒருவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது மற்றவர் திரையில் தெரிந்துவிடும். தம்பி பின்தங்கினால் போனில் அழைத்து, "என்னடா, தூங்கிட்டியா?" என்று வம்பிழுப்பாள்.

அக்கா செத்துப்போனாள். எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, மோட்டார் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி கருவியை எடுத்தார். 'இன்னொரு கருவியில் 143ஆம் பக்கம் வரை படிக்கப்பட்டுள்ளது. அங்கே செல்லவா?' என்றது. டப்பாவை மூடி வைத்தார். அக்கா கடைசியாக 130ஐக்கூடத் தாண்டவில்லை.

மறுநாள் பக்கம் இன்னும் நகர்ந்திருந்தது. யாரிடம் சொல்வது? மூளை கழன்றுவிட்டது என்பார்கள். பயம்தான், ஆனால் செய்தி வராத நாளில் சாப்பாடு இறங்கவில்லை. அதுதான் கொடுமை.

அந்த நேரம் பார்த்து அவருடைய கருவியின் பேட்டரி உப்பிக்கொண்டது. புதிது வாங்கப் போன கடையில் விற்பனைப் பெண் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தாள்.

"இது எந்த ஃபைலையும் திறக்கும் சார். அது உங்க பழைய மெஷினோட கம்பெனிதான். அவங்க புத்தகத்தைத் தவிர வேற எதையும் லேசுல திறக்காது. கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க."

"இன்னொரு கருவி எந்தப் பக்கத்துல இருக்குன்னு இது சொல்லுமா?"

"அது வராது சார். சாஃப்ட்வேரே வேற."

வெளியே வந்து அத்தானுக்குப் போன் போட்டார். அக்கா புருஷன், ஆயுளில் ஒரு புத்தகத்தையும் புரட்டாத மனிதர்.

"அத்தான், அக்காவோட படிக்கிற மெஷின் எங்க இருக்கு?"



"என்கிட்டதான் மாப்ளே."

"நீங்களா படிக்கிறீங்க?"

"நான் எங்க படிக்க. பக்கத்துல படுத்துக்கிட்டு அவ ஸ்கிரீனைத் தட்டிக்கிட்டே இருப்பா இல்ல, அது இல்லாம தூக்கம் வரல. அதான் நானே கொஞ்ச நேரம் தட்டுறேன். தப்பா?"

"தப்பில்ல அத்தான்."

பேய் இல்லை என்ற நிம்மதி வரவில்லை. அக்கா இல்லை என்பதுதான் அப்போது உறைத்தது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் மெக்கானிக் அழுதார்.

பிறகு உள்ளே போய், வேறு எதையும் திறக்காத அந்தக் கருவியையே வாங்கினார். விற்பனைப் பெண் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்திருப்பாள். அங்கேயே கணக்கை இணைத்துப் பார்த்தார். புத்தகத்தில் மிச்சம் சில பக்கங்களே இருந்தன. மறுபடி போன் போட்டார்.

"அத்தான், அந்தப் புத்தகம் முடியப்போகுது. வேற ஒண்ணு வாங்கிப் போடுறேன். எந்த மாதிரி வேணும்?"

அத்தான் யோசித்தார்.

"கதை எதுவா இருந்தாலும் சரி மாப்ளே. பக்கம் நிறைய இருக்கணும்."