ராஜவேலுவின் வலது முட்டி

சடையனுக்குப் பொறாமை இருந்தது நிலத்தின் மேலோ மாட்டின் மேலோ அல்ல, ஒரு முட்டியின் மேல். அக்காள் மாதம்மாளின் புருஷன் ராஜவேலுவின் வலது முட்டி அது.

இரண்டு பேரும் ஜவ்வாது மலையில் ஒரே ஊர். சாமை விதைப்பார்கள், மாசி பிறந்தால் புளி உலுக்குவார்கள். கோயில் புளியமரத்தை உலுக்காமல் அந்த ஊரில் யாரும் தன் மரத்தில் கைவைக்கக் கூடாது. ஊர்க்கவுண்டர் கையால் துரட்டியை, கொக்கி வைத்த அந்தக் கோலை, வாங்குகிறவன் உச்சிக்கிளைக்கு ஏறுவான், முதல் காய் விழுந்ததும் கீழே பம்பை அடிப்பார்கள். பதினோரு வருடமாக அந்தத் துரட்டி ராஜவேலுவுக்கே போயிற்று. இரண்டாவது கிளை சடையனுக்கு, மூன்றாவது தமிழ்மணிக்கு. தமிழ்மணிக்கு முப்பது வயது, நன்றாக ஏறுவான். ஆனால் சடையன் அவனை ஒரு ஆளாக மதித்ததே இல்லை. அவன் கண் எப்போதும் மேலே, மாமனின் குதிகால் மேலேயே இருந்தது.

இத்தனை வருடம் ஏறிக் குதித்ததில் மாமன், மச்சான் இரண்டு பேருக்கும் வலது முட்டி போயிற்று. ஓர் ஆடி மாதம் வேலூரிலிருந்து டாக்டர் ஜெயசுதா வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார். எலும்பின் முனையில் வழவழப்பான ஒரு மெத்தை உண்டு, அது இவர்களுக்கு ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்து பள்ளமாகிவிட்டது என்றார். அந்தப் பள்ளத்தை அடைக்கப் புதிதாக ஒன்று செய்திருக்கிறார்களாம், சிலருக்கு வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களாம். கிண்ணத்தில் மூன்று துண்டு கொண்டுவந்திருந்தார். பார்வைக்கு மூன்றும் நுங்கு மாதிரிதான்.

"தொட்டுப் பாருங்க," என்றார்.

முதல் துண்டு விரலில் நிற்காமல் வழுக்கியது, கட்டைவிரலால் அழுத்தியதும் நசுங்கிப்போனது. இரண்டாவதை மிதித்தாலும் நசுங்காது, ஆனால் தேய்த்தால் விரலைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது வழுக்கவும் செய்தது, அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழுந்துகொண்டது.

"இதுல முக்காப்பங்கு தண்ணி. மெஷின்ல பாரம் வெச்சு லட்சக்கணக்கான தடவ தேய்ச்சுப் பாத்துட்டோம். கிழியல."

"தண்ணியா? மனுசன் பாரத்தத் தண்ணி தாங்குங்களா?" என்றான் சடையன்.

"உங்க சொந்த மெத்தையும் பெரும்பாலும் தண்ணிதாங்க. அம்பது வருசமா தாங்கியிருக்கே."

சடையனுக்கு அது புரிந்தது. மரம் ஏறுகிறவனுக்குப் பாதத்தில் வழுக்கக் கூடாது, முட்டிக்குள் வழுக்க வேண்டும். இப்போது அவனுக்கு இரண்டும் தலைகீழாக இருந்தது.

இரண்டு பேருமே தேர்வானார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் ராஜவேலுவுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன், சடையனுக்கு அதே வாரம் வியாழக்கிழமை. அந்த மூன்று நாள் இடைவெளியே சடையனுக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆளுக்கு மட்டும் எதுலயும் முதல் இடமா?" என்று பெண்டாட்டி முத்தம்மாளிடம் கத்தினான்.

இந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை அவன் முட்டி வீங்கிக்கொண்டது. வீக்கத்தைப் பார்த்தால் டாக்டர் தள்ளிவிடுவார், மாமன் மட்டும் புது முட்டியோடு வருவார் என்ற பயம் வந்தது. மலையில் மூட்டு வீங்கினால் செய்வதைத்தான் அவனும் செய்தான். பட்டால் தோலைச் சுடுகிற சேங்கொட்டையை ஊசியால் குத்தி, விளக்கில் காட்டி, கசிந்த எண்ணெயை முட்டியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்தான். நாலு புள்ளி போதும். அவசரத்தில் பதினாறு வைத்தான். புதன்கிழமை முட்டி முழுக்கக் கொப்புளம்.

"புண்ணான தோல அறுத்தா கிருமி உள்ள போயிடுங்க," என்றார் டாக்டர். "ஆறட்டும். அடுத்த சுற்றுல பாக்கலாம்." காகிதத்தில் கையெழுத்துக்கூட வாங்காமல் அனுப்பிவிட்டார்.

கார்த்திகைக்குள் ராஜவேலு ஊன்றுகோலை வீசினார். தையில் கேழ்வரகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கை ஊன்றாமல் எழுந்தார். டீக்கடையில் அவர் வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்ட, ஊரே குனிந்து பார்த்தது. சடையன் குனியவில்லை. ஆனால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். வயிறு பற்றி எரிந்தது. அந்தத் தண்ணி மெத்தை கிழிந்து போகட்டும் என்று நினைத்தான். அக்காள் முகம் நினைவுக்கு வந்து வெட்கப்பட்டான். வீட்டுக்குப் போகும் வழியில் மறுபடியும் அதையேதான் நினைத்தான்.

மாசி வந்தது. ஊர்க்கவுண்டர் துரட்டியை நீட்டினார். ராஜவேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த வருசம் மச்சான் ஏறட்டும். எனக்கு ஒடம்பு சரியில்ல."

கல்லுமாதிரி நிற்கிற ஆளுக்கு உடம்புக்கு என்ன? தனக்குப் பிச்சை போடுகிறார் என்று சடையனுக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் துரட்டியை வாங்கிக்கொண்டான். பதினோரு வருடம் ஏங்கியது கைக்கு வந்தால் யாருக்குத்தான் விட மனம் வரும்?

ஒவ்வொரு கிளைக் கவையிலும் கால் ஊன்றும்போது முட்டிக்குள் மணல் அரைபட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிக்கிளைக்குப் போய் உலுக்கினான். காய் சடசடவென்று கொட்டியது, பம்பை முழங்கியது. அவன் கீழே பார்த்தான். எல்லோரும் பொறுக்கிக்கொண்டிருக்க ராஜவேலு மட்டும் அண்ணாந்து நின்றார். அந்த முகத்தைச் சடையனுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதமாகத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

மரத்தைக் கட்டிச் சறுக்கி இறங்கி, நொண்டிக்கொண்டு கோயில் பாறையில் உட்கார்ந்தான். ஊரில் டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். உட்கார்ந்ததும் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ரேணுகாதேவி, நோயாளிகளைக் கூப்பிட்டு நாள் சொல்கிற பெண்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எடம் இருக்குங்க, வர்றீங்களா? ஆனா இனிமே மரம் ஏறக்கூடாது. நடக்கறது, பாரம் தூக்கறது எல்லாம் தாங்கும். மேலருந்து குதிச்சா தாங்குமான்னு இன்னும் தெரியாது. ராஜவேலு சொல்லலையா? மரம் ஏற மாட்டேன்னு அவரு எழுதியே குடுத்திருக்காரே."

சடையன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பின்னாலேயே வந்து நின்ற ராஜவேலு பக்கம் திரும்பினான். "இன்னா மாமா, ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப," என்றார் ராஜவேலு. "நீ மேல நிக்கறப்போ எனக்கு வயிறு எரிஞ்சிதுடா மச்சான். எறங்கி வந்துட மாட்டானான்னு இருந்திச்சி."

வாழ்நாளில் அத்தனை சந்தோஷத்தைச் சடையன் அனுபவித்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தான். அன்று முழுதும் ஊரைச் சுற்றிச் சுற்றி நொண்டினான்.

மறுநாள் காலை பாயிலிருந்து எழ முத்தம்மாள் கைகொடுக்க வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்தால், எதிர்ச் சரிவில் ராஜவேலு விறகுக் கட்டோடு கைவீசி இறங்கிக்கொண்டிருந்தார். சடையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைத்தான் பார்த்தான், கடைசி வளைவு மறைகிறவரைக்கும். நேற்றைய சந்தோஷம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. பாறைக்குப் போய்ப் போன் போட்டு, "வர்றேங்க," என்றான்.

அடுத்த மாசியில் துரட்டி தமிழ்மணிக்குப் போயிற்று. கீழே மாமனும் மச்சானும் வலியில்லாத முட்டிகளோடு பக்கத்துப் பக்கத்தில் குந்தி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பை முழங்கியது.

"கால் வைக்கறான் பாரு, தப்புத் தப்பா," என்றார் ராஜவேலு.

"ஏறவே தெரியல மாமா அவனுக்கு," என்றான் சடையன். ஓர் ஆளைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.