கடலில் மறையாத சூரியன்

என் மனைவி கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். அதுவும் உள்ளூர்க் கல்யாணங்களுக்கு அல்ல. சொந்த ஊரில் மண்டபமே இல்லாததுபோல், கடற்கரைக்கும் மலைக்கும் சொந்தபந்தத்தைத் திரட்டிக்கொண்டு போய் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்களே, அந்தக் கல்யாணங்களுக்கு. "நல்ல வேலைங்க, ஊர் ஊரா சுத்திப் பாக்கலாம்" என்று எங்களிடம் சொல்லாத ஆளில்லை. அப்படிச் சொல்பவர்களை ஒரே ஒருமுறை கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் சுற்றிப் பார்த்ததெல்லாம், லென்ஸ் பையை மேசையில் கொட்டச் சொல்லும் விமான நிலையச் சிப்பந்தியையும், ஹோட்டலின் துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கென்றே ஒதுக்கப்படும் ஜன்னலில்லாத அறையையும்தான்.

அவள் குள்ளம். அதனால் மடக்கு ஸ்டூல் ஒன்று எப்போதும் கூடவே வரும். அதைத் தூக்குகிறவன் நான். இரண்டாவது கேமராவும் நான்தான், வீட்டுக்கு வந்தபின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்பவனும் நான்தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் போவது ஜன்னலுக்கு. டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போன இடத்தில்கூட, "அவர் முகத்துல பாதிதான் வெளிச்சம் விழுது, நாற்காலியைத் திருப்பிப் போட்டா நல்லாருக்கும்" என்று என் காதில் முணுமுணுத்தவள். வெளிச்சம் அவளிடம் பொய் சொல்லாது. அவளும் வெளிச்சத்திடம் பொய் சொன்னதில்லை. இந்தக் கதையே அந்தச் சனியன் பிடித்த விஷயத்தைப் பற்றியதுதான்.

எட்டு வருடமாக இதே பிழைப்பு. சீசன் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. சீசன் முடிந்தால் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது செத்துவிட்டதா என்று நாங்களே ஒருவருக்கொருவர் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்தால் அவள் இன்னொரு முறையா வரப்போகிறாள்? ஒவ்வொரு முறையும் புதிதாக ஆள் பிடித்தாக வேண்டும். எங்கள் மகளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. பள்ளிக்கூடங்களில் வகுப்புப் படம் எடுக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, தனக்குத் தெரிந்தவர் மூலம் பேசியும் வைத்துவிட்டார்.

"மாதச் சம்பளம். சாயங்காலம் வீட்டுக்கு வந்திடலாம். அவ கேக்க மாட்டா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை."

உயரமான பிள்ளைகள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால், எல்லாரும் இங்கே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அந்த வேலையை ஒரு வருடம் பார்த்துவிட்டு, இனி செத்தாலும் மாட்டேன் என்று வந்தவள் அவள். ஆனாலும் இந்தமுறை உடனே மறுக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்றாள். அதற்குள் ஒரு கடற்கரைக் கல்யாணம் இருந்தது. அதன் ஏற்பாடுகளையெல்லாம் பொறுப்பெடுத்து நடத்தும் பிளானரம்மா மனது வைத்தால் அந்த சீசன் முழுவதற்கும் எங்களையே வைத்துக்கொள்வார். வைத்தால் இந்தத் தொழில். வைக்காவிட்டால் வகுப்புப் படம்.

பிளானரம்மாவின் கண்ணில் நாங்கள் பட்டதற்குக் காரணம் ஒரே ஒரு படம். அதே கடற்கரையில் என் மனைவி முன்பொருமுறை எடுத்தது. கடலோரத்தில் ஒரு ஜோடி, அவர்களுக்குப் பின்னால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு முழுச் சூரியன். எடுத்தது விடியற்காலையில். விருந்தாளிகளெல்லாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு பேரையும் கெஞ்சிக் கூத்தாடி எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள். இணையத்தில் போட்டதும் பார்த்தவர்களெல்லாம் "ஆஹா, என்ன அஸ்தமனம்!" என்று எழுதினார்கள். சூரியனும் கடலும் காதலும் சேர்ந்தால் ஜனங்களுக்கு அது அஸ்தமனம்தான். அவளும் திருத்தவில்லை. எத்தனை பேரிடம் போய்த் திருத்துவது?

இந்தக் கல்யாணத்தின் நிகழ்ச்சி நிரல் வந்தபோது, மோதிரம் மாற்றுவது மாலையில் என்று இருந்தது. கூடவே, 'பின்னணியில் சூரியன் கடலில் இறங்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு. அவள் உடனே பிளானரம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: அந்தக் கடல் கிழக்குப் பக்கம் இருக்கிறது, மாலையில் சூரியன் ஹோட்டலுக்குப் பின்னால் போய்விடும், தயவுசெய்து நேரத்தை மாற்றுங்கள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடியும் கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேரில் போனதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் பிளானரம்மாவைப் பிடித்தாள். அவர் பூக்கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தப் படம் காலைல எடுத்தது. இங்க சாயங்காலம் கடல் பக்கம் சூரியனே இருக்காது."

"தெரியும்மா," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "பத்து வருஷமா இந்த ஹோட்டல்ல கல்யாணம் நடத்துறேன், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு மேடம் பொண்ணுகிட்ட..."

"காலைல வெச்சா யாரு வருவா? தலை அலங்காரத்துக்கு நடுராத்திரியில எந்திரிக்கணும். பொண்ணு சூரியன் கேக்குது. உன் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரர்னு சொன்னியே, ஒண்ணை வெச்சுக் குடுக்கட்டுமே. கை தேஞ்சா போயிடும்?" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சீசன் பூரா வேலை இருக்கு தம்பி. உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் குடுக்கணும்னு பாக்குறேன்."

நான் அசடு மாதிரி பல்லைக் காட்டினேன். என் மனைவியின் மூக்கு சிவந்துவிட்டது.

மறுநாள் மாலை, ஹோட்டலின் நிழல் மணலைத் தாண்டித் தண்ணீர்வரைக்கும் நீண்டு கிடந்தது. கடல் ஈயத் தட்டு மாதிரி மங்கலாக இருந்தது. ஆனால் அந்த நிழலில் ஒரு முகமும் வெயிலுக்குச் சுருங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு விழவில்லை. அவள் ஸ்டூலில் ஏறி நின்று, பெண்ணின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மணலில் வெறுங்காலோடு நடக்கிறாள் என்பதற்காக அவளுடைய செருப்பை அந்த மனிதர் கையில் வாங்கி வைத்திருந்தார். பெண் உறுதிமொழி சொல்லச் சொல்ல, தன்னையறியாமல் அவர் உதடும் அசைந்தது. செருப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை. அதை எடுத்துவிட்டு என் மனைவி ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"கிடைச்சிடுச்சு," என்றாள். "இந்த எட்டு வருஷத்துல இது ஒண்ணு போதும்."

போதாது. வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் அனுப்பினோம். அந்த அப்பாவின் படத்தை முதலில் வைத்திருந்தாள். பெண்ணிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "சூரியன் படம் எப்ப வரும்க்கா?"

என் மனைவி அதைப் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். நான் என்ன செய்வேன்? எனக்கும் வயிறு இருக்கிறது, மகள் இருக்கிறாள், மாமியார் இருக்கிறார். பழைய படத்திலிருந்து சூரியனை வெட்டி எடுத்தேன். சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல் புதுப் படத்தில் ஒட்டினேன். தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு, முடியின் ஓரத்தில் கொஞ்சம் பொன்னிறம். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். அவள் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"முகத்துல விழுற வெளிச்சம் வேற பக்கத்துலேர்ந்து வருது," என்றாள்.

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன்ல?"

அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். கழுவியிருந்த பாத்திரங்களை.

சூரியன் ஒட்டிய படம் பெண்ணின் கைக்குப் போன அன்றே பிளானரம்மாவின் செய்தி வந்தது. சீசன் முழுவதும் எங்களுக்குத்தான். எல்லாம் அதே கடற்கரை, எல்லாம் மாலை நேரம். கல்யாணப் பெண்களின் போன் எண்களும் இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று எங்களுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, வகுப்புப் படக் கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"இருங்க," என்றாள். "முதல் பொண்ணுகிட்ட நான் பேசிடறேன். உண்மையைச் சொல்லிடறேன். அப்புறமும் நான் வேணும்னா போவோம்."

"உனக்கென்ன பைத்தியமா? வந்த வேலையை நீயே கெடுத்துக்குவியா?"

அவள் அதற்குள் எண்ணை அழுத்திவிட்டாள். ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டாள்.

"அம்மாடி, நான்தான் போட்டோ எடுக்கறவ பேசறேன். ஒண்ணு சொல்லணும். நீ ஆசைப்படுற அந்தச் சூரியன் படம் விடியக்காலைல எடுத்தது. அங்க சூரியன் கடல்ல மறையாது. உதிக்கத்தான் செய்யும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"ஐயோ அக்கா, அது தெரியுமே!" என்று சிரித்தாள் அந்தப் பெண். "இப்ப அங்க ஒரு பொண்ணுக்குக் கல்யாணமாச்சே, அவ என் பிரெண்டுதான். அங்க சூரியனே இல்ல, ஆனா இந்தக்கா வெச்சுத் தந்தாங்க பாரு, ஒரிஜினல் மாதிரியே இருக்குன்னு காட்டினா. அதனாலதான் எனக்கு நீங்கதான் வேணும்னு அடம்பிடிச்சேன்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். எட்டு வருடம். முட்டி தேய்ந்தது, மகளின் பிறந்தநாளுக்கெல்லாம் வேறு ஊரில் இருந்தது, அந்த அப்பாவின் கையிலிருந்த செருப்பு. கடைசியில் அவளுக்குப் பெயர் கிடைத்தது எதற்கு? நான் ஒட்டிய பொத்தானுக்கு.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"சூரியன் வெக்கறது நான் இல்லம்மா, என் வீட்டுக்காரர்," என்றாள் நிதானமாக. "அவர் வீட்டுல உக்காந்தே வெச்சுத் தருவார். அதுக்கு நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்? அவர்கிட்டயே பேசிக்கோ."

போனை என் கையில் திணித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும், சமாளித்திருப்பேன்.

"அண்ணா? ஹலோ? அண்ணா?" என்றது போன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீசன் எங்களுடையது. சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

"ஏம்மா," என்றேன், "கல்யாணத்தன்னைக்கு உங்க வீட்ல எல்லாராலயும் காலைல நாலரைக்கு எந்திரிக்க முடியுமா?"

"நாலரைக்கா!" என்று அவள் அலறினாள்.

ஆனால் போனை வைக்கவில்லை.