பல் வைத்த விசிறி

திருத்தணியில் நான் நர்ஸாக வேலை பார்த்தது சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில். டாக்டரம்மா, நான், ஓர் ஆயா. ஆட்கள் அவ்வளவுதான். யுத்தம் முடிந்த மறு வருஷம், பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்ட இடத்திலிருந்து டாக்டரம்மா ஒரு பெரிய மேஜை விசிறியை எடுத்து வந்தார். நான்கு பித்தளை இறக்கைகள். காற்று பிரமாதமாக வரும். ஆனால் அது போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

கர்ப்பிணிகளின் வயிற்றில் மரக்குழலை வைத்து, மறுமுனையில் காதை வைத்துத்தான் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார் டாக்டரம்மா. விசிறி ஓடினால் ஒன்றும் கேட்காது. "நிறுத்து", "போடு" என்று நாள் முழுக்க எனக்கு அதே வேலை. கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி எட்டு மாதத்தோடு வந்துகொண்டிருந்தாள். முன்பு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே தவறியிருந்ததால் அவளுக்கு மட்டும் டாக்டரம்மா நெடுநேரம் கேட்பார். அந்தச் சித்திரைப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்தியதும் அவளுக்கு மயக்கம் வந்துவிடும். இரண்டு முறை முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

என் அக்காவின் வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். அரக்கோணம் விமானத் திடலில் ஃபிட்டராக இருந்தவர். யுத்தம் முடிந்ததும் வேலை போய், அக்காவோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். விசிறியைப் பார்க்கும்படி அவரிடம் கேட்டேன்.

"எண்ணெ உட்டா சரியாப் பூடும்" என்றாள் ஆயா.

பாவா இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டார். சத்தமே இல்லை.

"மோட்டார் மேல தப்பு இல்லம்மா. எறக்கையத் தாண்டிப் போற காத்துதான் கத்துது. இன்ஜினை அணைச்சிட்டு எறங்குற பிளேன்கூட ஊளையிட்டுகினுதான் வரும், நானே கேட்டிருக்கேன்."

"அதுக்கு இன்னா பண்றது பாவா?"

"தெரியலியே" என்றார். தெரியாததைத் தெரியாது என்று அவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வேப்பமரத்து ஆந்தை அவர் தலையை ஒட்டிப் பறந்து போனது. நான் பார்த்தேன், சத்தமே இல்லாததால் அவருக்குத் தெரியவே இல்லை. நான் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். விடிந்ததும் மரத்தடியில் தேடி ஆந்தை இறகு ஒன்றும் காக்கை இறகு ஒன்றும் எடுத்து வந்தார். என் காதருகே காக்கை இறகை வீசினார்; விசுக்கென்று கேட்டது. ஆந்தை இறகை வீசினார். காற்று மட்டும் பட்டது.

"ஓரத்தப் பாரு. காக்காக்கு வெட்டின மாதிரி நேரா கீது. இதுக்குப் பின்னோரம் நூல் பிரிஞ்சாப்பல கீது. காத்து ஒரே எடத்துல அறுந்து வுழாம கொஞ்சம் கொஞ்சமா நழுவுது போல."

ஆயா பதறிப்போனாள். "ஐயோ, புள்ள பொறக்குற எடத்துல ஆந்த எறகா? வெளிய போடுங்க சாமி!"

"போட்டுர்றேங்க. பாக்க வேண்டியதப் பாத்துட்டேன்" என்று இறகை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

தகரம் வெட்டும் கத்தரியால் இறக்கைகளின் பின்னோரத்தில் வாள்போலப் பல் பல்லாக வெட்டினார். மாட்டி ஓட்டியதும் விசிறி மேஜையோடு ஆடியது. இறக்கைகளின் எடை ஒன்றுபோல இல்லை. மருந்து நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காகிதத்தில் அளவு வெட்டி, அதன்படி அரத்தால் ராவி, நிறுத்து, மறுபடி ராவி, மூன்று நாள் உட்கார்ந்தார். விரல்களெல்லாம் பித்தளைத் தூள்.

மறுபடி மாட்டி ஓட்டினார். சத்தம் அடியோடு போகவில்லை. அந்தக் கீச்சும் அலறலும் போய், புடவை உரசுவது போன்ற ஒலி மட்டும் மிச்சம் இருந்தது. காற்று கொஞ்சம் குறைந்திருக்கும் என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

கனகம்மாசத்திரத்துப் பெண் வந்தபோது டாக்டரம்மா விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை. அறையில் தள்ளி இருந்த மூலையில் ஓடவிட்டுக் குழலை வைத்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இன்னாங்கம்மா, துடிப்பு கீதா?" என்றாள் அவள்.

"ஆங், நல்லா ஓடுது" என்றார் டாக்டரம்மா. அவர் "ஆங்" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லி நான் முதல்முறை கேட்டது அன்றைக்குத்தான். அந்த மாதக் கடைசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பாவாவுக்குத் திருப்தி வரவில்லை. பற்களை இன்னும் ஆழமாக வெட்டினால் இன்னும் அடங்கும் என்று நினைத்து ஓர் இறக்கையை வெட்டிப் பார்த்தார். ஒரு புது விசில் சத்தம் கிளம்பியது. நேராக டாக்டரம்மாவிடம் போய், "நான் நெனச்சது தப்புங்க. கெடுத்துட்டேன். நாளைக்குள்ள சரி பண்ணித் தரேன்" என்றார். புதுத் தகட்டில் பழைய அளவுப்படி அந்த ஓர் இறக்கையை மறுபடி செய்து மாட்டினார்.

விசிறியைச் சரிசெய்ததற்காக எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். தலை குனியாமல் போய் "கெடுத்துட்டேன்" என்று சொன்னாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.